சபைப் பலகை ஓலைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்த விவரம்

சித்தூர்,
சனிக்கிழமை, மாலை ஐந்தே கால்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான லீனா சித்திக்கு, உங்கள் அக்காள் மகள் ஈவ்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

நடந்தவற்றை நடந்தபடியே, கூட்டாமலும் குறைக்காமலும், குற்றம் என்மேல் வரும் இடங்களிலும் மறைக்காமலும் இதில் பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நைனாவின் சுகத்தைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். திருப்பதியில் நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அதாவது நானும் அம்மாவும் ஜெபிக்கிறோம். நைனா வியாழக்கிழமையிலிருந்து உங்கள் பெயரை ஜெபத்தில் சேர்ப்பதில்லை.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் பிரபாகர் அவர்களுக்கும் கல்யாணம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாளை ஆராதனையில் உங்கள் விவாக ஓலை வாசிக்கப்படும்போது நைனா எழுந்து நின்று ஆட்சேபணை சொல்லப்போகிறார். விஷயம் வெளியே வரக் காரணம் நான்தான். ஆனால் எடுத்துக் கொடுத்தது உங்கள் சபைப் பலகை.

பலகையில் கோளாறு கண்டால் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, என்ன செய்தாய், எதை எதிர்பார்த்தாய், என்ன நடந்தது என்று வரிசையாக எழுது, நம் சபையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் படித்தாலும் விளங்கவேண்டும் என்று நீங்கள் சொன்னது என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சபைப் பலகை என்பது நீங்கள் எழுதி, கோயிலின் அலுவலக அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்ட வலைத்தளம். அந்தக் கம்ப்யூட்டர் மாவு அரைக்கும் மெஷினைப் போலச் சத்தம் போட்டாலும் இரண்டு வருடமாக ஒரு நாளும் நின்றதில்லை. வெளியே யாரிடமும் வாடகைக்கு இடம் எடுக்காமல் நம் சபைக்கென்று சொந்தமாக ஒன்றைச் செய்து கொடுத்த சித்தி எனக்கு இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத நாளில்லை. பிறந்தநாள், சுகவீனம், நன்றி அறிவிப்பு எதுவானாலும் வீட்டிலிருந்தே எழுதலாம். கூடவே ஒரு படத்தின் முகவரியைக் கொடுத்தால் பலகை தானே அந்த முகவரிக்குப் போய், அங்கே இருப்பதன் மேல்பாதியைப் படம் பிடித்து, அறிவிப்பின் கீழே ஒட்டிவிடும். மேல்பாதி மட்டும்தான், இடம் போதாது என்று நீங்கள் வைத்த ஏற்பாடு. நாம் எழுந்து போகாமல், நமக்காக அது போய்ப் பார்த்துவிட்டு வருகிறதே என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். இப்போதும் வியக்கிறேன். கோளாறும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் சபைப் போதகர் பிரகாசம் ஐயருக்குப் பிறந்தநாள் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அறுப்பின் பண்டிகைப் படங்கள் இதில்தான் இருக்கின்றன என்று ஐயர் சொன்னார். அந்தப் பண்டிகையில் நைனா ஒரு பெரிய பரங்கிக்காயைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று உண்டு. வியாழக்கிழமை நைனாவின் பிறந்தநாள் என்பதால் அந்தப் படத்தை அவருடைய அறிவிப்பில் போட நினைத்து, திரையின் மேலே இருந்த முகவரியை நோட்டில் எழுதிக்கொண்டேன். 127.0.0.1 என்று தொடங்கியது. திரையில் இரண்டு பக்கங்கள் திறந்திருந்தன, நான் எழுதியது பக்கத்துப் பக்கத்தின் முகவரி என்பது எனக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை மாலை வீட்டில் அம்மாவின் கைபேசியில் அந்த முகவரியைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நெட் மெதுவாக இருக்கிறது, பலகையே போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று அறிவிப்பில் அதைப் போட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டேன். இதுதான் நான் செய்தது. எதிர்பார்த்தது பரங்கிக்காய்.

வியாழக்கிழமை காலை நைனா மாம்பழக்கூழ் ஆலைக்குக் கிளம்பி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிருபாவதி டீச்சரின் போன் வந்தது. டீச்சருக்குக் காது மந்தம் என்பதால் அவர் பேசுவது எப்போதும் எல்லாருக்கும் கேட்கும்.

“ரொம்ப சந்தோசம் ஆசிர்! இத்தினி நாளா வாயே தொறக்கலியேப்பா!”

“இதுல இன்னா டீச்சர் கீது. வருசா வருசம் வர்றதுதானே.”

“வருசா வருசமா?”

“ஆமா. எனக்கே மறந்து பூடும். பொண்ணுதான் நெனப்பா எல்லாத்தையும் பண்ணுது.”

டீச்சர் ஜெபம்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். அடுத்து பந்தல்காரர், பந்தலும் நாற்காலியும் தன்னுடையதுதான், வேறு யாரிடமும் போகக்கூடாது என்றார். நாற்பத்தாறு வயதுக்குப் பந்தலா என்று நைனா யோசிக்கும்போது அம்மா பலகையைத் திறந்து பார்த்தார்கள். “ஆசிர் அவர்களின் பிறந்தநாளுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பெரிய ஆசீர்வாதம்!” என்று நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே பரங்கிக்காய் இல்லை. நீங்களும் பிரபாகர் அவர்களும் இருந்தீர்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பெயர், தகப்பனார் பெயர், சபை, தொழில். மேலே கொட்டை எழுத்தில் ‘விவாக ஓலை’ என்று இருந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெயர்களை வாசித்து, தடை உள்ளவர் சொல்லலாம் என்று கேட்பதுதான் ஓலை. முதல் ஓலை வாசிக்கும்வரை சம்பந்தத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது நம் ஜனங்களின் வழக்கம். அதனால்தான் ஓலைப் புத்தகத்தை வெளியே இருந்து யாரும் திறக்க முடியாதபடி, அந்தக் கம்ப்யூட்டர் தானே கேட்டால் மட்டும் திறக்கும்படி வைத்தீர்கள். ஐயருக்குக் கடவுச்சொல் நினைவில் நிற்காது என்பதால் கடவுச்சொல்லும் வைக்கவில்லை. 127.0.0.1 என்றால் ‘நானே’ என்று கம்ப்யூட்டர் தன்னைச் சொல்லிக்கொள்வதாம். நான் வீட்டிலிருந்து கேட்டபோது அது அம்மாவின் கைபேசியைத்தான் குறித்தது, ஒன்றும் வரவில்லை. பலகை கேட்டபோது அது பலகை இருக்கும் கம்ப்யூட்டரையே குறித்தது. வீட்டு மனிதர் கேட்கிறார் என்று ஓலைப் புத்தகம் திறந்துகொண்டது.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கோயில் பணிவிடைக்காரர் ரங்கையா அண்ணனிடம் பீரோ சாவியை நான் கேட்டால் தரமாட்டார். ஐயரம்மாவிடம் போய், பீரோவில் என் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றால், ஐயரம்மா கேட்பார்கள், அண்ணன் உடனே திறப்பார். ஐயரம்மா கெட்டவர்கள் இல்லை, அண்ணனும் ஏமாளி இல்லை. யார் கேட்கிறார் என்று அண்ணன் பார்த்தார். யாருக்காகக் கேட்கிறார் என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பலகைக்கு ஐயரம்மாவின் நல்ல மனசு.

அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அறிக்கை முழுமையாக இருக்கவேண்டுமே என்று, யாருக்கும் தெரியும்படி வெளியிடாமல் முன்னோட்டத்தில் மட்டும் மேலும் இரண்டு முகவரிகளைக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கொடுத்தேன். இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே எண்தான் போலும், பலகை கேட்டதால் கோயிலின் வைஃபை பெட்டி வந்து நின்றது, அதில் சேர்ந்திருக்கும் எல்லாவற்றின் பட்டியலோடு. அந்தப் பட்டியலில் கண்காணிப்புக் கேமராவின் எண் இருந்தது. அதைக் கொடுத்தேன். அலுவலக அறை தெரிந்தது. பிரகாசம் ஐயர் காலி நாற்காலி ஒன்றை விரலை நீட்டிக் கண்டித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கான பயிற்சி. இதற்குமேல் பார்ப்பது பாவம் என்று நிறுத்திவிட்டேன். உண்மையை எழுதுவதாக உறுதி கூறியதால், நிறுத்தியது மூன்றாவது தடவை பார்த்த பிறகு என்பதையும் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு நைனா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஐயரிடம் போனார்.

“ஐயரே, யாரக் கேட்டு ஓலை வாங்கினீங்க? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

“ஒக்காருங்க ஆசிர். பிறந்தநாள் அதுவுமா அப்படிப் பேசாதீங்க.”

“ஒக்கார வரல. ஞாயித்துக்கெழம ஓலை படிக்கசொல்ல நான் எழுந்து நிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.”

ஐயர் கொஞ்ச நேரம் நைனாவையே பார்த்தார். பிறகு இருமினார். “ஞாயித்துக்கெழமையா? தாராளமா நில்லுங்க. ஆனா ஆட்சேபணைக்குக் காரணம் வேணும். பையனுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கா?”

“தெரியாது.”

“நெருங்கின ரத்த உறவா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா?”

“கறி துன்னமாட்டான்.”

ஐயர் தண்ணீர் குடித்தார். “வேற?”

“எங்க எடைமேடைக்கு சீல் வெச்சான்.”

பிரபாகர் அவர்கள் எடைகளைச் சரிபார்க்கும் அலுவலர் என்பது படத்தின் கீழேயே இருந்தது. போன மாம்பழ சீசனில் ஆலைக்கு வந்தாராம். ஒவ்வொரு லோடுக்கும் நாற்பது கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று எடைமேடையைப் பூட்டி முத்திரை வைத்தாராம். தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் ஒரு நாள் முழுவதும் ரோட்டில் நின்றனவாம். மேற்பார்வையாளர் என்ற முறையில் நைனா அவருக்கென்று தனியாக ஆட்டுக்கறி பிரியாணி வரவழைத்தாராம். அவர் தன் டப்பாவைத் திறந்து தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, மறுபடியும் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாராம். நைனா இதையெல்லாம் குற்றப்பத்திரிகையாகத்தான் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. உங்கள் தேர்வு எப்போதும் சரியாகவே இருக்கும் சித்தி.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஐயரிடம் அனுமதி கேட்டு, பலகையின் நிர்வாகப் பக்கத்தில் ‘தடை செய்த முகவரிகள்’ என்ற இடத்தில் 127.0.0.1 என்று சேர்த்தேன். கோளாறைச் சரிசெய்துவிட்டேன் என்று மிகவும் பெருமையாக அறிவித்தேன். அம்மா என் தோளைத் தொட்டார்கள்.

“ஈவு, அந்தப் புள்ள மூஞ்ச நான் சரியா பாக்கல. இன்னொரு வாட்டி காட்டேன்.”

“முடியாதும்மா. அந்த எண்ணைத் தடை பண்ணிட்டேன்.”

“நம்பர்தானே தடை. இங்க ஒரு பேரு ஒட்டிகீதே, இது இன்னா?”

திரையின் ஓரத்தில் ஐயருக்காக நீங்கள் எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டு: ‘ஓலைப் புத்தகம் – லோக்கல்ஹோஸ்ட்’. அம்மா கோயில் முற்றத்துக்குப் போய்த் தன் கைபேசியிலிருந்து எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். ஒரு நிமிடத்தில் பிரபாகர் அவர்கள் மறுபடியும் வந்துவிட்டார். ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர். நான் ஒன்றை மட்டும் பூட்டியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, நான் பெருமைப்பட்டு ஐந்து நிமிடம் ஆவதற்குள் என் பூட்டைத் திறந்துவிட்டார்கள். அம்மாவை இத்தனை வருடம் குறைவாக மதிப்பிட்டதற்காக அன்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

“மூஞ்சி நல்லாத்தான் கீது,” என்று அம்மா சொன்னது நைனாவின் காதில் விழுந்துவிட்டது. “ஏமே, நீயும் அந்தப் பக்கமா!” என்று கத்தி, அம்மாவின் கைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஞாயிறு ஆராதனை முடியும்வரை யாரும் உங்களோடு பேசக்கூடாது என்று உத்தரவு. ஐயர் பயந்துபோய்ப் பலகையின் ஒயரையே பிடுங்கிவிட்டார். அதனால்தான் சித்தி, இந்தக் காகிதமும் பேனாவும்.

நேற்று மாலை நைனா ஆட்சேபணைக் கடிதம் தயாரித்தார். அவர் தெலுங்கு மீடியத்தில் படித்தவர், தமிழில் எழுத வராது. நான் பைபிளில் தமிழ் படித்தவள். ஆகவே உங்கள் கல்யாணத்துக்கு எதிரான கடிதத்தை எழுதியதும் நானே. இதை மறைத்தால் மேலே செய்த உறுதி பொய்யாகிவிடும்.

“‘மேற்படி பிரபாகர் நம்பத் தகாதவர்’னு எழுது.”

“எதனால் நைனா?”

“சொன்னத எழுது பாப்பா.”

“எடைமேடை நாற்பது கிலோ தப்புக் காட்டியது உண்மையா, பொய்யா?”

நைனா விசிறியைப் பார்த்தார். “உண்மைதான்.”

“அப்படியென்றால் அவர் நம்பத் தகுந்தவர்தானே?”

“நாப்பது கிலோலாம் ஒரு எடையா? தெரியாமத்தான் கேக்கறேன்.”

அந்த வரியை அடித்தேன். கறி சாப்பிடாததை எழுதினேன், படித்துக் காட்டினேன், நைனாவே அடிக்கச் சொன்னார். நான்காவது பிரதியில் தேதியும் ஐயரின் பெயரும் மட்டுமே மிஞ்சின. பிறகு நைனா அந்தப் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

“அவங்க அம்மா போனப்ப இவளுக்குப் பதினொரு வயசு. சைக்கிள்ல முன்னாடி ஒக்கார வெச்சி பள்ளிக்கூடம் கூட்டிக்கினு போனது யாரு? காலேஜுக்கு ஆஸ்டல்ல கொண்டுபோய் வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல அழுதது யாரு? வந்து, மாமா, இந்த மாதிரி ஒருத்தர் கீறாருன்னு ஒரு வார்த்த. சீல் வெச்சவனா இருந்தா இன்னா, நான் வேணாம்னா சொல்லப்போறேன்?”

“அதையே எழுதட்டுமா நைனா?”

“அத எழுதாத.”

ஆகையால் சித்தி, நாளை நைனா கையில் ஒரு வெற்றுக் காகிதத்தோடுதான் எழுந்து நிற்பார். அது எனக்கு இன்னும் பயமாயிருக்கிறது. எழுதியிருந்தால் வாசித்துவிட்டு உட்காருவார். எழுதாதது எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். ஆராதனைக்கு முன்னால் அவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், கல்யாணம் நிற்காது என்று நினைக்கிறேன்.

பலகையைப் பற்றி என் சிறிய யோசனை. எங்கெங்கே போகக்கூடாது என்று பட்டியல் போட்டால் அம்மாவைப் போன்றவர்கள் விடுபட்ட பெயர் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கே போகலாம் என்று பட்டியல் போட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லவைக்கலாம். எந்தப் பெயரில் கேட்டாலும், கடைசியில் போய் நிற்கும் இடம் நம் வீட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கதவைத் தட்டவைக்கலாம். ஓலைப் புத்தகத்துக்கும் கேமராவுக்கும், கேட்பது வீட்டு மனிதரே ஆனாலும், தனிக் கடவுச்சொல் வேண்டும். ஐயர் மறந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். இவ்வளவு எழுதிய பிறகும், பலகையைப்போல ஒன்றை என் வாழ்நாளில் நானும் செய்யவேண்டும் என்பதே என் ஆசை. தப்பு செய்ததுகூட, கேட்டவருக்கெல்லாம் உதவவேண்டும் என்ற எண்ணத்தால்தானே செய்தது.

ஆர்கன் வாசிக்கும் ஜெபசிங் அண்ணன் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் காரில் திருப்பதி திரும்புகிறார். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதும் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மா உங்களைத் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதாக எழுதச் சொன்னார்கள். மூஞ்சி நல்லாயிருக்கிறது என்பதையும் எழுதச் சொன்னார்கள். உங்கள் போக்கும் வரத்தும் காக்கப்படுவதாக. பிரபாகர் அவர்களுக்கு என் பணிவான வணக்கம். நாற்பது கிலோவுக்காக என் தனிப்பட்ட நன்றி.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஈவ்லின், ஒன்பதாம் வகுப்பு ‘ஏ’ பிரிவு.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரங்கையா அண்ணன் மண்டபத்தைப் பூட்ட வந்தார். “ஏம் பாப்பா, இன்னா இவ்ளோ எழுதிக்கினுகீற?” என்று கேட்டார். நாளை முதல் ஓலை, அதற்காக என்றேன்.

“யாருக்கு?”

“லீனா சித்திக்கு.”

“லீனாம்மாக்கா? மூணு ஓலையும் படிச்சாச்சே! மூணு வாரமா காலைல ஆறு மணி தெலுங்கு ஆராதனைல படிச்சாங்க. மாப்ள வூட்டுக்காரங்க காளாஸ்தியிலேர்ந்து வந்து ஒக்காந்துனு கேட்டாங்க. போன ஞாயித்துக்கெழமையோட அய்ப்போயிந்தி, முடிஞ்சிடுச்சி.”

நம் தமிழ் ஆராதனைக்காரர்கள் யாரும் எட்டரைக்கு முன் கோயில் வாசலை மிதிப்பதில்லை. பலகை படம் பிடிக்காமல் விட்ட கீழ்ப்பாதியில்தான் வாசித்த தேதிகள் இருந்திருக்கவேண்டும். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அண்ணனைக் கேட்டேன்.

“உங்க நைனாவுக்குத் தெரியாதா இன்னா? அவுரும்தான் இருந்தாரு. தெலுங்கு பாட்டுக்குழுவுல தாழ்ந்த கொரல்ல பேஸ் பாட ஆளு வரலன்னு போன வாரம் ஐயர் கூப்ட்டு நிக்க வெச்சாரு. கடைசி ஓலை படிச்சி, யாருக்கன்னா அப்யந்தரம் உந்தா, ஆட்சேபணை கீதான்னு ஐயர் கேட்டு, ஜெபம் பண்ணாரு. உங்க நைனா பாட்டுப் புக்க பாத்துக்கினே ‘ஆமென்’ போட்டாரு பாரு, மேல குந்தினுகீற புறாவெல்லாம் எழுந்து பறந்துச்சி.”

எனவே சித்தி, மேலே எழுதியதில் எதுவும் இரகசியம் இல்லை. நான் எதையும் வெளிப்படுத்தவில்லை, ஆட்சேபணைக்கு இனி இடமில்லை, நாளை எந்த ஓலையும் வாசிக்கப்படாது. நீங்கள் முதல் பஸ்ஸில் வரவேண்டிய சட்டப்படியான அவசியமும் இல்லை. ஆனாலும் வாருங்கள். அந்த ஆமென்னைப் பற்றி நைனாவிடம் யாராவது சொல்லவேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு. ஜெபசிங் அண்ணன் காரைக் கிளப்பி வாசலில் காத்திருக்கிறார். மணி ஆறு நாற்பது, ரங்கையா அண்ணன் மண்டபத்தின் விளக்குகளை அணைக்கிறார்.